இறக்கப்படாத முடி

என் வயதை ஒத்தவர்களே, நாம் ஒரு விசித்திரமான தலைமுறை. பிறந்தபோது அரசரின் குடிகள். எழுத்துக் கூட்டத் தொடங்கியபோது தபால் முத்திரையில் இராணியின் தலை வந்துவிட்டது. நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டியபோது அந்தத் தலையும் இல்லை. வீட்டை மாற்றாமல், கிணற்றை மாற்றாமல், மூன்று ஆட்சிப் பெயர்களின் கீழ் வாழ்ந்து முடித்திருக்கிறோம். இராணி ஏறியபோது நமக்கு மிட்டாய் தந்தார்கள். அவர் இறங்கியபோது எவரும் எதுவும் செய்யவில்லை. இதைப் பற்றி நான் யோசிக்கும் போதெல்லாம் என் மாமாவின் நெற்றி நினைவுக்கு வருகிறது. அந்த நெற்றியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் அப்பா திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அந்த வேலையில் இருப்பவரை அக்காலத்தில் 'முதலியார்' என்றுதான் அழைப்பார்கள். என்றோ ஒரு காலத்தில் அரசர்கள் நிலமும் வாளும் கொடுத்து வழங்கிய பட்டம் அது. அப்பாவிடம் நிலமும் இல்லை, வாளும் இல்லை. ஒரு கறுப்புக் கோட்டும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும் ஒரு சோடிச் சப்பாத்தும் இருந்தன. ஆயினும் அவர் கடைத்தெருவால் நடந்தால் மூதூரிலிருந்து வந்து கருவாடு விற்கும் முஸ்லிம் நானாமார்கூட எழுந்து நின்று, "முதலியார் ஐயா, சுகமா?" என்று கேட்பார்கள். உள்ளே ஒன்றுமில்லாத ஒரு சொல் மனிதர்களை எழுப்பி நிறுத்துவதை நான் முதன்முதலில் கண்டது அங்கேதான்.

தன் தொழிலைப் பற்றி அப்பா சொல்வது எப்போதும் ஒன்றுதான். "நான் ஒரு குழாய், பிள்ளை. ஒரு பக்கத்தால ஊத்தினது மற்றப் பக்கத்தால அப்பிடியே வரவேணும். இடையில நான் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது, ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. அதுக்குத்தான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறன்."

அம்மாவின் ஊர் இலங்கைத்துறை. துறைமுகத்திலிருந்து லாஞ்சியில் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியிலும் தோணியிலுமாகத் தெற்கே போனால் அந்தக் கடற்கரைக் கிராமம் வரும். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அங்கே கடற்றொழில் செய்தார். மெலிந்த உடம்பு. சாதாரணமாகக் கதைக்கும்போது குரல் எழும்பாது. கூத்தில் ஏறினால் அதே குரல் கரைவலை இழுப்பவர்களின் காதுவரை போகும். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் அந்தப் பருவம் முழுவதும் அவருடைய ஊரார் எவரும் அதைச் சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை மீற எனக்கு இப்போதும் மனமில்லை.

அவ்வாண்டு அம்மன் சடங்குக்குக் கூத்து ஆடுவதென்று ஊர் தீர்மானித்தது. நாடிழந்து காடு சென்று மீளும் ஓர் அரசனின் கதை. மாமாவுக்கு அரசன் வேடம். வேடம் கொடுத்த நாளிலிருந்தே ஆடுபவரை அந்த வேடத்தின் பெயரால் பகிடியாக அழைப்பது அவ்வூர் வழக்கம். தோணி தள்ளும்போதும் "ராசா, ஒரு கை பிடியுங்கோ" என்பார்கள். கள்ளுக் கொட்டிலிலும் "ராசாவுக்கு ஒரு போத்தல்" என்பார்கள். களரி, அதாவது கூத்தாடும் வட்ட மேடை, கட்டுவதற்குப் பின்புறக் காட்டில் கம்பம் வெட்டினார்கள். காட்டு இலாகாக் காவலர் வந்து பிடித்துக்கொண்டார்.

"ஆர் வெட்டச் சொன்னது?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"எங்கட ராசா," என்றார்களாம் எல்லோரும் ஒரே குரலில், சிரித்தபடி.

மாமாவும் சும்மா இருக்கவில்லை. தோளில் கோடரியுடன், மேடைக் குரலில், "ஓம், நாம்தான் கட்டளையிட்டோம்!" என்றாராம். காவலர் சிரிக்கவில்லை. வெட்டப்பட்டது முடிக்குரிய காடு. காட்டுக்கு உடையவர் இராணி. சில வாரங்களில் மாமாவின் பெயருக்கு, மேலே முடிச்சின்னம் பொறித்த அழைப்பாணை வந்தது. அதைக் கூரைக்கிடுகில் செருகி வைத்துவிட்டுக் கூத்துப் பழகப் போய்விட்டார்.

கூத்து முடியைப் பற்றி நீங்கள் அறிந்திருக்க வேண்டும். முருக்கமரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் மினுங்கும் தாளும் ஒட்டிய பாரமான பொருள் அது. அதை வைப்பதற்கு முன் அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கி நடத்துபவர், ஆடுபவரின் நெற்றியைச் சுற்றிச் சிவப்புத் துணி ஒன்றை இறுகக் கட்டுவார். கட்டும்போது ஒரு பாட்டு. விடியலில் வாழி பாடிக் கூத்து நிறைவேறிய பின் அதே அண்ணாவியார் வேறொரு பாட்டைப் பாடி முடியை இறக்குவார்; தாம் போட்ட முடிச்சைத் தாமே அவிழ்ப்பார்; பின் ஆடியவரைச் சொந்தப் பெயரால் கூப்பிடுவார். அவர் "ஓம்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அரசன் போய் ஆள் திரும்பி வருவான் என்பது அவர்களுடைய கட்டு.

அந்த விடியலில் நானும் அம்மாவும் அங்கே இருந்தோம். கிழக்கே கடல் சாம்பல் நிறத்தில் வெளுத்துக்கொண்டிருந்தது. நாடு மீண்ட அரசன் கொலுவில் வீற்றிருந்தான். அண்ணாவியார் வாழி பாடுவதற்காகத் தாளத்தை உயர்த்தினார். அந்த நேரத்தில் காட்டுப் பக்கமிருந்து கச்சான் காற்று ஒரே மூச்சாக வந்தது. பந்தல் துணி உப்பி எழுந்து கம்பங்களைப் பிடுங்கியது. அவற்றில், அந்தக் காட்டில் வெட்டிய மிகப் பெரிய பாலைக் கம்பம், அவசரமில்லாமல், யாரோ கைபிடித்துச் சாய்ப்பதுபோல அண்ணாவியாரின் மீது விழுந்தது. தாளம் அவர் கையிலிருந்து கழன்று உருண்டு, ஒலித்துக்கொண்டே போய், மணலில் புதைந்து நின்றது. அந்த ஒலி அடங்கும் முன்னர் அவரும் அடங்கிவிட்டார்.

முடியை யாரோ மாமாவின் தலையிலிருந்து தூக்கி அம்மன் கோயில் அறையில் வைத்தார்கள். ஆனால் அது தூக்கியதுதான், இறக்கியதல்ல. சிவப்புத் துணி நெற்றியிலேயே இருந்தது.

கட்டியவர் இல்லை. அவிழ்க்க எவரும் முன்வரவில்லை. அண்ணாவியாரின் மகன், "அப்பா எனக்கு அந்தப் பாட்டைக் கைகாட்டேல்லை. நான் தொட ஏலாது," என்றான். பூசாரியார், "அம்மனுக்கு நான் குடை பிடிப்பன், ஆலவட்டம் பிடிப்பன், ராசேஸ்வரி எண்டு போற்றி சொல்லுவன். அது அவட பட்டம். இது களரியில கட்டின பட்டம். எனக்கு அதில கை இல்லை," என்று விலகினார். மாமி அப்போது பிள்ளைத்தாச்சி. பெண்கள் அவளைப் பார்த்த பார்வை மாறிற்று. இறக்கப்படாத முடி அந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் தலையில் போய் இறங்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பச்சைத் தலை அதைத் தாங்காது. ஆடியவரே அந்தக் கட்டைத் தன் கையால் அவிழ்த்தாலும் அதே கதிதான்.

ஊரார் பகிடியாகச் சொன்ன சொல்லை இப்போது பகிடியில்லாமல் சொன்னார்கள். முதல் மீனை மாமாவின் வாசலில் வைத்துவிட்டு, முகம் பாராமல் போனார்கள். அவர் தோணியில் ஏற வந்தால் மற்றவர்கள் இறங்கி நின்றார்கள். அவர் தொழிலுக்குப் போக முடியாமலாயிற்று. வழக்கு நாளும் நெருங்கியது, பிள்ளைப்பேறும் நெருங்கியது. அம்மா இருவரையும் நகரத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

எங்கள் வீட்டு முன்னறை யன்னலால் உட்துறைமுகம் தெரியும். அந்த யன்னலருகே, கைபிடியுள்ள கதிரையில், சிவப்புத் துணி கட்டிய தலையோடு மாமா அமர்ந்திருப்பார். அப்பா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இந்த வீட்டில ராசா கீசா ஒண்டும் கிடையாது. எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேணும்." சொல்லிவிட்டு மாமாவின் பெயரை உரக்கக் கூப்பிட்டார்.

மாமா திரும்பவில்லை.

"பாரும் நடிப்பை," என்றார் அப்பா அம்மாவிடம். "வழக்குக்குப் பயந்து ஆடுறார்."

"அவனுக்கு நடிக்கத் தெரிஞ்சா ஊரில இருந்து ஏன் இஞ்ச ஓடி வாறான்?" என்றார் அம்மா.

அது நடிப்பல்ல என்பது எனக்குத் தெரிந்திருந்தது. குசினியில் கோப்பை விழுந்தால் மாமா திடுக்கிட்டுத் திரும்புவார். "தம்பி" என்று அம்மா அழைத்தால், சற்றுப் பிந்தியாவது, பார்ப்பார். நான் "மாமா" என்றால் சிரிக்கவும் செய்வார். பெயர் மாத்திரம் அவரைத் தொடவில்லை. ஒரு பிற்பகல், பெரியவர்கள் இல்லாத வேளையில், நான் அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்று மெதுவாக அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் கடலைப் பார்த்தபடியே இருந்தார். அந்தச் சொல் எங்கும் போய்ச் சேரவில்லை. எவரும் எடுக்காத ஒரு பொருளைப்போல அறைக்குள் நின்றது. நான் வெளியே ஓடிவிட்டேன்.

இன்னுமொன்று உண்டு. வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவர் ஆழமாகக் குனிவார். எங்கள் வாசல் நிலை உயரமானது. அப்பாவே நிமிர்ந்து நடப்பார். மாமாவோ, தலைக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு ஏதோ இருப்பதுபோல், கழுத்தை நேராக வைத்து முழங்காலை மடித்துக் கடப்பார். இரவில் படுக்கமாட்டார், சுவரில் சாய்ந்து அமர்ந்தபடி கண்ணயர்வார். அலுமாரிக் கண்ணாடியின் முன் அவர் நெடுநேரம் நிற்பதைக் கண்ட அம்மா, அதன்மேல் தன் பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடிவிட்டார். ஒருநாள் காலையில் அவர் ஏதோ நினைவில் குனிய மறந்து நடந்தார். மேல்நிலையில் மரத்தோடு மரம் உரசும் சத்தம் கேட்டது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். 

பள்ளியில் சரித்திர டீச்சரிடம் கேட்டேன். முடியை இறக்காமல் விட்டால் அரசன் அரசன்தானா என்று. கண்டியின் கடைசி மன்னனைப் பிடித்துக் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பிய பாடத்தைத்தான் அவர் அப்போது நடத்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த சோக்கட்டியை மேசையில் வைத்தார்.

"பட்டத்தைக் கடுதாசியில எழுதிப் பறிக்கலாம், மகள். பறிச்சும் போட்டாங்கள். ஆனா அவரோட போன ஆக்கள் வேலூரில அவரை என்னெண்டு கூப்பிட்டிருப்பினம் எண்டு நினைக்கிறீர்?"

அவர் கேள்வியாகவே அதை விட்டுவிட்டார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

இராணியின் பிறந்தநாளென்று ஒருநாள் துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் கொடிகளைத் தோரணமாகக் கட்டியிருந்தன. நண்பகலில் மரியாதை வேட்டுகள் முழங்கின. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முதல் வேட்டிலேயே மாமா கதிரையை விட்டெழுந்தார். கூத்தில் சமமான அரசரைக் கண்டால் எப்படி நிற்பாரோ அப்படி, வலது கையை மார்புக்கு நேரே உயர்த்தி, உள்ளங்கையைக் கடலுக்குக் காட்டி நின்றார். வேட்டுகள் ஓய்ந்தன. கையை இறக்கவில்லை. அப்போது நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பல், எக்காரணத்தாலோ, நீண்ட ஊதல் ஒன்று கொடுத்தது. மாமா தலையை அசைத்து, கையை இறக்கி, அமர்ந்தார்.

"அவவுக்குத் தெரியும் நான் இஞ்ச நிக்கிறது," என்றார், எங்கள் எவரையும் பாராமல். "காடு அவட. மரமும் அவட. அவட மரம்தானே அண்ணாவியாரை எடுத்தது. வழக்கு மரத்துக்கில்லை அக்கா. ஒரு கரையில ரெண்டு முடி இருக்க ஏலாது. அதுக்குத்தான்."

மாமி குசினி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இஞ்சருங்கோ, அப்பிடிக் கதைக்காதேங்கோ. பிள்ளைக்குக் கேக்கும்," என்றாள்.

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் எவரும் நினைக்கவில்லை. அந்த வாரங்களில் மாமி தையலுக்கு இடையிலும் அம்மா சமையலுக்கு இடையிலும் முடி இறக்கும் பாட்டின் நினைவில் நின்ற துண்டுகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததையும் அவர் கேட்டிருக்கிறார் என்பது பின்னால்தான் விளங்கியது.

வழக்கு நாள் வந்தது. அங்கே வேலைபார்த்த இன்னொரு மொழிபெயர்ப்பாளர் சுகவீனமாக இருந்தபடியால் அப்பாவே அன்று மன்றில் நின்றார். மச்சானின் வழக்கென்று சொல்லி விலகியிருக்கலாம். ஏன் விலகவில்லை என்பதை நான் அவரிடம் கேட்டதில்லை.

நானும் அம்மாவும் மாமியும் நீதிமன்ற விறாந்தையில் யன்னலோரம் நின்றோம். இலங்கைத்துறையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள்; முற்றத்து வேம்பின் கீழ், மாமாவைச் சுற்றி, ஆனால் அவரைத் தொடாத தூரத்தில் நின்றார்கள். உள்ளே நீதவானின் ஆசனத்துக்கு மேலே சுவரில் மரச்சின்னம் ஒன்று இருந்தது: ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை, நடுவில் முடி. அழைப்பாணையில் இருந்த அதே முடி.

கோட்டு ஆராச்சி, அதாவது நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் சேவகர், வெளியே வந்து மாமாவின் பெயரைக் கூவினார். வேம்பின் கீழிருந்த எவரும் அசையவில்லை. அவர் மறுபடியும் கூவினார். நீதிமன்ற முற்றம் முழுவதும் அந்தப் பெயரைக் கேட்டது. மாமா ஒருவர்தான் கேட்கவில்லை. மாமி அவரருகே போய் விரலால் முதுகைத் தொட்டு, "உங்களைத்தான்," என்றாள். புருசனின் பெயரை அவள் சொல்லக் கூடாது, சொல்லியிருந்தாலும் பயனிருந்திராது.

"ஆள் வரேல்லையெண்டால் பிடியாணைதான்," என்றார் ஆராச்சி எங்களைப் பார்த்து. "பிறகு மறியல், உள்ளுக்குப் போட்டிடுவினம். விளங்குதா? பிள்ளைத்தாச்சியை வைச்சுக்கொண்டு என்ன விளையாட்டு இது?"

அப்போது அப்பா உள்ளிருந்து வந்தார். கறுப்புக் கோட்டின் கழுத்தோரம் வேர்த்திருந்தது. வேம்பின் கீழ் போய், மாமாவின் முன்னால் நின்று, இரு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டார். அவருடைய குரலில் நான் ஒருபோதும் கேட்டிராத ஒரு பணிவு இருந்தது.

"ராசா," என்றார், "அழைப்பு வந்திருக்குது. வாங்கோ."

மாமா உடனே நடந்தார். நீதிமன்ற வாசலில் ஆழமாகக் குனிந்து உள்ளே போனார்.

கூண்டில் ஏறியதும் ஆராச்சி அதட்டினார். "தலைத்துணியை எடும்!"

மாமா எடுக்கவில்லை. நீதவான் நிமிர்ந்து பார்த்தார். கொழும்பிலிருந்து வந்த இளவயதுக்காரர்; கண்களில் நீண்ட நாளின் களைப்பு. ஏதோ ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா அதைத் தமிழாக்கி, ஏன் எடுக்கவில்லை என்று வினவினார்.

"கட்டினவர்தான் அவிழ்க்க வேணும்," என்றார் மாமா. மேடைக் குரலல்ல, கதைக்கும்போது எழும்பாத அந்தச் சிறு குரல். "அவர் இல்லை. இல்லாட்டி அவருக்கும் எனக்கும் மேல உள்ளவர் அவிழ்க்க வேணும். நானாத் தொட்டா என்ர பிள்ளை தங்காது."

அப்பா ஆங்கிலத்தில் சொன்னார். குழாய் ஒழுங்காகத்தான் ஓடியது. நீதவான் பேனாவை வைத்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார்.

"உமக்கு மேல உள்ளவர் ஆர் எண்டு கனம் நீதவான் கேக்கிறார்," என்றார் அப்பா.

மாமா கையை உயர்த்தி, நீதவானின் தலைக்கு மேலே, சுவரைக் காட்டினார். "அவ."

மன்றில் எவரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். நீதவான் தன்னையறியாமல் திரும்பிச் சுவரைப் பார்த்துவிட்டார். பின் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னார். மிகச் சிறிய வசனம்.

 அப்பா கோட்டுப் பொத்தானைத் தொட்டார். பிறகு பேசத் தொடங்கினார், நீதிமன்றத் தமிழில் அல்ல. மாமியும் அம்மாவும் குசினியில் சேர்த்தும் பிரித்தும் சொல்லிப் பார்த்த அந்த ஓசையில், ஆனால் அவர்கள் அறியாத சொற்களோடு:

"காட்டுக்கு உடையவ, கடலுக்கு உடையவ, உனக்கு மேலே முடி தரித்தவ, அவவின் ஆணையாகச் சொல்லுகிறோம். ஏறின முடி இறங்கட்டும். இருந்த கொலு கலையட்டும். வந்த வழியே அரசன் போக, நின்ற இடத்தில் ஆள் நிற்கட்டும்."

யன்னலோரம் நின்ற இலங்கைத்துறைக்காரர்கள் தலைகுனிந்தார்கள். எங்கிருந்தோ காற்று வந்து மேசையிலிருந்த தாள்களைத் தூக்கியது. எழுதுவினைஞர் இரு கைகளாலும் அவற்றை அமுக்கிப் பிடித்தார். அப்பா தன் இடத்தை விட்டிறங்கிக் கூண்டருகே போனார். மாமா முழங்காலை மடித்தார். அந்த முடிச்சை அவிழ்ப்பது இலேசாக இருக்கவில்லை. உப்பும் வேர்வையும் ஊறி அது கல்லாகியிருந்தது. அப்பாவின் நகம் ஒன்று முறிந்தது. கடைசியில் துணி கழன்று அவர் கையில் வந்தபோது, மாமாவின் கறுத்த நெற்றியைச் சுற்றி வெயில் படாத ஒரு வெளிறிய வளையம் தெரிந்தது. முடியை எடுத்த பின்னரும் முடி இருந்த இடம் இருந்தது.

அப்பா அவருடைய பெயரைச் சொல்லி, இவர்தானா நீர் என்று கேட்டார்.

"ஓம்," என்றார் மாமா. "நான்தான்." சொல்லிவிட்டு, கூண்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார்.

மரம் வெட்டிய குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதவான் எச்சரித்து விட்டுவிட்டார். அன்று மாலை அப்பா சாப்பிடவில்லை. அம்மா வற்புறுத்திக் கேட்டபோது அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "தலைத்துணியை எடுக்கச் சொல்லும், இல்லாட்டி மறியலுக்கு அனுப்புவன். துரை சொன்னது அவ்வளவுதான்." தன் வலது கையின் முறிந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே, "குழாய் உடைஞ்சு போச்சு," என்றார்.

மாமிக்கு அந்த மாதமே பெரியாஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. தாதி வெளியே வந்ததும் மாமா கேட்ட முதற் கேள்வி, "தலை?" என்பதுதான்.

"தலைக்கென்ன? நல்ல தலைதான். நிறைய மயிர்," என்றார் தாதி எரிச்சலோடு. "பொம்பிளைப் பிள்ளை எண்டதைக் கேக்காமல் தலையைக் கேக்கிறியள்."

ராணி என்று பெயர் வைப்போமா என்று அம்மா கேட்டார். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் அக்கா. அதை மட்டும் வைக்காதேங்கோ."

பின்னர் கப்பல்கள் போயின. கடற்படையினரின் வீடுகளில் வேறு மனிதர்கள் குடிவந்தார்கள். நான் ஆசிரியையாகி, மணமுடித்து, அதே வீட்டில் வாழ்ந்தேன். நாடு குடியரசானது. அப்பா அதற்கு முன்பே ஓய்வுபெற்றிருந்தார். கண்ணில் புரை விழுந்து, அதே யன்னலோரக் கதிரையில் இருந்தார். அவருக்குப் பின் வந்தவர்களை முதலியார் என்று அழைப்பதும் மெல்ல மெல்ல விட்டுப்போனது.

அந்தக் காலத்தில் ஒருநாள் மாமா லாஞ்சியில் வந்தார். பனையோலை உமலில் கருவாடு கொண்டுவந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. நெற்றி வளையம் மங்கியிருந்தது, ஆனால் போகவில்லை. எத்தனை வருட வெயில் பட்டும் அந்த இடம் கறுக்கவில்லை. வாசலில் அவர் குனிந்தாரா என்று பார்த்தேன். குனியவில்லை.

"அத்தான்," என்றார், அப்பாவின் காலடியில் அமர்ந்து. "கோட்டில அவட சின்னத்தை இறக்கிப் போட்டாங்களாம். மெய்யே?"

"ஓம். இப்ப குடியரசுதானே."

"ஆர் இறக்கினது?"

"வேலையாக்கள். ஏணி வைச்சு இறக்கிச் சாக்கில சுத்திக்கொண்டு போனவங்களாம்."

"பாட்டுப் படிச்சே இறக்கினவங்கள்?"

அப்பா யன்னல் பக்கம் திரும்பினார். மாமா தலையை மெதுவாக ஆட்டினார்.

"அப்ப தூக்கினது. இறக்கேல்லை."

யன்னலுக்கு வெளியே உட்துறைமுகம் வெறுமையாகக் கிடந்தது. அப்பா கதிரையில் முன்னால் சாய்ந்தார். "நான் உமக்கு ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்குக் கோட்டில அந்தத் துரை..."

"தெரியும் அத்தான்," என்றார் மாமா. "துரை சொன்னது ஒரு முழம். நீங்கள் சொன்னது நாலு முழம், ஒரு பாகம். எனக்கு இங்கிலீசு தெரியாட்டியும் நீளம் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டுதான் அவிழ்க்க விட்டனீரா? பிள்ளைக்கு என்னவும் வந்திருந்தா?"

"நீங்கள்தானே ராசா எண்ட பேரைச் சொல்ல மாட்டன் எண்டு நிண்டவர். நீங்களே மரத்தடியில வந்து கை கட்டி, 'ராசா, வாங்கோ' எண்டியள். மரியாதையாக் கூப்பிட்டு, மரியாதையாப் போகச் சொன்னியள். அது போதும் எண்டு எனக்குப் பட்டது." வெளியே கடலைப் பார்த்தார். "அவவையும் ஆரும் அப்பிடி ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாம். இப்ப அவ எங்க போறது? அடுத்ததா இந்த வீட்டில பிறக்கிற தலைதான்..."

அவர் முடிக்கவில்லை. 'இந்த வீடு' என்றபோது கையால் அவர் காட்டியது எங்கள் முன்னறையை அல்ல. யன்னலுக்கு வெளியே, கரை முழுவதையும் காட்டினார்.

மாமாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பின், காணி அலுவல் ஒன்றுக்காக நான் அந்த நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. விறாந்தையிலிருந்து பார்த்தவள் இப்போது உள்ளே வாங்கில் அமர்ந்தேன். சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். ஆயினும் ஆசனத்துக்கு மேலே, சின்னம் இருந்த இடத்தில், சுண்ணாம்பு பிடிக்கவில்லை. ஒரு பக்கம் சிங்கத்தின் முதுகு, மறுபக்கம் குதிரையின் கொம்பு, நடுவில் முடி; எல்லாம் வெயில் படாத வெளிறிய நிறத்தில், விளிம்பு கலையாமல் இருந்தன.

சேவகர் வந்து எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நாங்கள் எழுந்து நின்றோம். நீதவான் இன்னும் வந்திருக்கவில்லை. ஆசனம் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலே அந்த வெளிறிய இடத்தைப் பார்த்தபடி, எவரும் இருமாமல், நெடுநேரம் நின்றுகொண்டிருந்தோம்.